கடன்காரர்களின் டிசம்பர்

கோன் சதோஷியின் 'டோக்கியோ காட்ஃபாதர்ஸ்' (2003) பற்றி யார் எழுதினாலும் அதைக் கிறிஸ்துமஸ் படம் என்றே ஆரம்பிக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, குப்பையில் கிடக்கும் பச்சைக்குழந்தை, அதைக் கண்டெடுக்கும் வீடற்றவர்கள் மூவர். ஜான் ஃபோர்டின் '3 காட்ஃபாதர்ஸ்' (1948) படத்தின் ஜப்பானிய உறவினர். அற்புதங்கள் நடக்கின்றன, குழந்தை பிழைக்கிறது, எல்லாம் நல்லபடியாக முடிகிறது. டிசம்பர் வந்தால் பார்க்க வேண்டிய பத்துப் படங்கள் என்று பட்டியல் போடுகிறவர்கள் இதையும் சேர்த்துவிடுகிறார்கள். எனக்கு இந்த வாசிப்பில் உடன்பாடில்லை. கிறிஸ்துமஸில் தொடங்குகிற படம்தான். ஆனால் இது வருடக் கடைசிப் படம். ஜப்பானில் அது ரெண்டும் வேற வேற.

வேலைக்காக டோக்கியோவுக்கு வந்து, ஒவ்வொரு டிசம்பர் கடைசியிலும் ஊருக்குப் பெட்டி கட்டுகிறவன் நான். விமானம் ஏறுவதற்கு முந்தைய நாட்களில் இந்தப் படத்தைப் போட்டுப் பார்ப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. பார்க்கப் பார்க்க, குழந்தை பின்னுக்குப் போய் அந்த மூவரும் முன்னுக்கு வருகிறார்கள். அவர்கள் வீட்டுக்குப் போக முடியாதவர்கள். தூரம் காரணமில்லை. அவர்கள் விட்டுவந்த மனிதர்கள் எல்லாரும் அதே டோக்கியோவில்தான் எதிர்ப்படுகிறார்கள். ஆறாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரைக் காரணம் காட்டிப் பழகிய என்னைப் போன்ற ஆளுக்கு இது கொஞ்சம் சங்கடமான விஷயம்.

*

ஜப்பானில் வந்து இறங்கிய முதல் டிசம்பரில் எல்லா வெளிநாட்டுக்காரரும் ஏமாந்துதான் போவார்கள். நவம்பரிலேயே தெருவெல்லாம் விளக்கு. கடைகளில் கிறிஸ்துமஸ் பாட்டு. ஆஹா, பெரிய பண்டிகைக் காலம் என்று நினைத்துக்கொள்வோம். 25ஆம் தேதி காலையில் வழக்கம்போல ஆபீஸ் இருக்கும். முன்பாவது 23ஆம் தேதி பேரரசர் பிறந்தநாள் என்று ஒரு லீவு இருந்தது. 2019இல் அகிஹிதோ பதவி விலகியதும் அதுவும் போச்சு. கிறிஸ்துமஸ் இங்கே காதலர்களின் மாலை, குழந்தைகளின் கேக். வெள்ளைக் க்ரீமும் ஸ்ட்ராபெரியும் வைத்த கேக், முன்பதிவு செய்து வாங்கும் பொரித்த கோழி. அந்தக் கோழியே 1974இல் கேஎஃப்சி நடத்திய விளம்பரத்தில் பிறந்த வழக்கம். மதம் இல்லை, குடும்பம் கூடுவதும் இல்லை. 26ஆம் தேதி காலையில் பார்த்தால் மரமும் சாந்தாவும் காணாமல் போய், அதே வாசலில் மூங்கிலும் பைனும் சேர்த்துக் கட்டிய கதோமாட்சு நிற்கும். ஒரே ராத்திரியில் செட் மாற்றிவிடுகிறார்கள்.

உண்மையான காலம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. அரசு அலுவலகங்கள் டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை மூடல். வீட்டை மூலைமுடுக்கெல்லாம் துடைத்துக் கழுவும் ஓசோஜி. நம்ம போகி மாதிரி, எரிப்பது மட்டும் கிடையாது. 31ஆம் தேதி இரவு நீளமான சோபா நூடுல்ஸ், என்ஹெச்கேயில் பாட்டுப்போட்டி, நள்ளிரவில் கோயில் மணி 108 முறை. அதற்குள் டோக்கியோவில் பாதிப்பேர் கிளம்பிவிட்டிருப்பார்கள். புல்லட் ரயில்கள் நிரம்பி வழியும்.

இந்தப் பயணத்துக்கு 'கிசேய்' என்று பெயர். இரண்டு சீன எழுத்துகள். முதலாவது, திரும்புதல். இரண்டாவது எழுத்துக்கு இங்கே பழைய பொருள்: பெற்றோர் நலமாக இருக்கிறார்களா என்று போய்ப் பார்த்து விசாரித்தல். நாம் 'ஊருக்குப் போறேன்' என்று சொல்லும்போது அதில் இடம் மட்டும்தான் இருக்கிறது. ஜப்பானியச் சொல்லுக்குள் ஒரு கேள்வியும் சேர்ந்தே இருக்கிறது. போனால் மட்டும் போதாது, கேட்கவும் வேண்டும். டிசம்பர் பிறந்ததும் ஆபீஸில் எல்லாரும் என்னிடம் 'இந்தியாவுக்குத் திரும்புகிறீர்களா' என்பார்கள். ஜனவரியில் அதே ஆட்கள் 'ஜப்பானுக்கு எப்போ திரும்பினீங்க' என்பார்கள். இரண்டுக்கும் ஒரே வினைச்சொல், 'கயெரு'. தனக்குரிய இடத்துக்குத் திரும்பும்போது மட்டும் சொல்கிற சொல் அது. ஒரு ஆளுக்கு இரண்டு திசையிலும் அந்தச் சொல் பொருந்தினால், அவன் ஏதோ ஒரு பக்கத்தில் கணக்கு பாக்கி வைத்திருக்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றும்.

*

கணக்கு என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஜப்பானிய இலக்கியத்தில் வருடத்தின் கடைசி நாள், கடன் வசூலிக்கும் நாள். அந்தக் காலத்தில் ஊரே கடைகளில் பற்று வைத்துத்தான் சாமான் வாங்கியது. தவணைகளில் பெரிய தவணை 'ஒமிசோகா' என்ற கடைசி நாள். அன்று இரவு தாண்டிவிட்டால் புத்தாண்டு, வசூல்காரன் வர மாட்டான். ஒசாகாவின் வணிகர் வாழ்க்கையை எழுதிய இஹாரா சைக்காக்கு, 1692இல் 'செக்கென் முனேசான்யோ' என்று ஒரு நூல் வெளியிட்டார். 20 கதைகள். எல்லாமே இந்த ஒரு நாளைச் சுற்றி நடப்பவை. அதில் கடன்காரர்கள் செய்யாத தகிடுதத்தம் இல்லை. ஒரு கதையில் நண்பர்கள் இருவர் வீட்டை மாற்றிக்கொள்கிறார்கள். இவன் அவன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, தானே பெரிய வசூல்காரன் மாதிரி 'காசை வைக்காமல் நகர மாட்டேன்' என்று கத்துவான். நிஜ வசூல்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, இங்கே நமக்கு ஒன்றும் தேறாது என்று போய்விடுவார்கள்.

இருநூறு வருடம் கழித்து, 1894 டிசம்பரில், ஹிகுச்சி இச்சியோ 'ஓட்சுகொமோரி' என்ற சிறுகதையை வெளியிட்டார். தலைப்பே வருடத்தின் கடைசி நாள்தான். எழுதியபோது அவருக்கு வயது 22. 24 வயதில் இறந்துபோனார். கதையில் ஒமினே என்ற வேலைக்காரப் பெண். அவளை வளர்த்த மாமா நோயில் படுத்துவிட்டார். கந்துவட்டிக்காரனிடம் 10 யென் கடன். முன்கூட்டியே வட்டி பிடித்துக்கொண்டு கைக்கு வந்தது எட்டரை யென். தவணை வந்துவிட்டது. ஒன்றரை யென் கட்டினால் இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம். ஒமினே, தான் வேலை பார்க்கும் பணக்கார வீட்டு எஜமானியிடம் கேட்கிறாள். முதலில் தலையாட்டிய எஜமானி கடைசி நாளில் கைவிரிக்கிறாள். ஒமினே மேசை அறையில் இருந்த நோட்டுக் கட்டிலிருந்து இரண்டு யென் எடுத்துவிடுகிறாள். மாலையில் கணக்குப் பார்க்கும் நேரம். மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, அந்த வீட்டின் ஊதாரிப் பிள்ளை மீதிக் கட்டு முழுவதையும் எடுத்துக்கொண்டு, தான்தான் எடுத்தேன் என்று சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனது தெரியவருகிறது. அவளுடைய திருட்டு அவனுடைய திருட்டுக்குள் மறைந்துவிட்டது. அவன் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் செய்தானா, இல்லை தற்செயலா? இச்சியோ சொல்ல மாட்டார்.

இந்தக் கதையைப் படிப்பவர்கள் பெரும்பாலும் ஊதாரிப் பிள்ளையைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் அந்த ஒன்றரை யென்னையே திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பெண் தன் மானத்தையே பணயம் வைத்துத் திருடியும் கட்டப்பட்டது வட்டி மட்டும்தான். அசல் அப்படியே நிற்கிறது. அற்புதம் நடந்தது, ஆனால் தவணை தள்ளிப்போனதைத் தவிர வேறொன்றும் மாறவில்லை.

வருடா வருடம் ஊருக்குப் போய் வருகிறவர்களுக்கு இது புரியும். இங்கே இருபது வருடமாக இருக்கும் ஓர் அண்ணனிடம் ஒருமுறை, "அப்பாகிட்ட பேசினீங்களாண்ணே?" என்று கேட்டேன். அவருக்கும் அவர் அப்பாவுக்கும் நடுவில் பழைய பேச்சுவார்த்தை ஒன்று பாதியில் நின்றிருந்தது. "டிக்கெட் போட்டாச்சேடா, வேற என்ன பண்ணச் சொல்ற?" என்றார். 23 கிலோ பெட்டி இரண்டு. மாட்சா சாக்லேட், வாழைப்பழ க்ரீம் வைத்த கேக், முட்டிவலிக்கு ஒட்டும் பிளாஸ்திரி, பேரன் பேத்திகளுக்கு பேனா பென்சில். எல்லாம் வட்டி. ஒழுங்காகக் கட்டப்படும் வட்டி.

*

இப்போது படத்துக்கு வருவோம். ஜின் குடிகாரர். தான் சைக்கிள் பந்தய வீரனாக இருந்ததாகவும் மனைவியும் மகளும் இறந்துவிட்டதாகவும் கதை சொல்வார். இரண்டும் பொய். சூதாட்டக் கடனில் சிக்கி, உயிரோடு இருக்கும் குடும்பத்தை விட்டு ஓடிவந்தவர். சைக்காக்குவின் ஆட்கள் வசூல்காரனை ஏமாற்ற ஒரு ராத்திரி இன்னொருவனாக நடித்தார்கள். ஜின் அந்த நாடகத்தை வருடக்கணக்கில் நடத்துகிறார், அதற்காக வீட்டில் இருப்பவர்களைக் கதையில் சாகடித்தும்விட்டார். மியுகி பதின்வயதுப் பெண். போலீஸ்காரரான அப்பாவைக் கத்தியால் குத்திவிட்டு வீட்டைவிட்டு ஓடிவந்தவள். ஹானா, முன்னாள் கேளிக்கை விடுதிப் பாடகி, திருநங்கை. குழந்தைக்குக் கியோகோ என்று பெயர் வைப்பவர் அவர்தான்.

பனியில் ஒரு ரயில் நின்றுபோகும் காட்சி வரும். பக்கத்துத் தண்டவாளத்தில் இன்னொரு ரயிலும் நிற்கும். மியுகி ஏதேச்சையாகத் திரும்பினால், எதிர் ஜன்னலில் அப்பா. இரண்டு கண்ணாடி, நடுவில் ஓரடி வெளி. அவள் அலறியடித்து ஓடிவிடுகிறாள். வாராவாரம் வீடியோ கால் பேசுகிற எவரும் இந்தக் காட்சியைச் சாதாரணமாகக் கடந்துவிட முடியாது. முகம் தெரிகிறது, நரை கூடியிருப்பது தெரிகிறது. 'சாப்டியா, குளிரா இருக்கா' என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை நகராது. தூரம் மட்டும்தான் தடை என்றால், முகம் தெரிந்ததும் பேச்சு வந்திருக்க வேண்டுமே.

படத்தின் சிறந்த பகுதி என்று நான் நினைப்பது இன்னொன்று. லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்த கூலிக்கொலைகாரன் ஒருவன் மியுகியையும் குழந்தையையும் பிடித்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போகிறான். அங்கே அவன் மனைவி மரியா. கைக்குழந்தைக்காரி. வந்த குழந்தைக்கும் சேர்த்துத் தாய்ப்பால் கொடுக்கிறாள். அவளுக்கு ஜப்பானிய மொழி தெரியாது, மியுகிக்கு ஸ்பானிஷ் தெரியாது. படம் முழுக்க யாரிடமும் வாய் திறக்காத மியுகி, அப்பாவைக் குத்தியதை அந்த அறையில் அழுதுகொண்டே சொல்லிவிடுகிறாள். மரியாவுக்கு ஒரு வார்த்தையும் புரியாது. புரியாது என்பதால்தான் சொல்ல முடிந்தது.

டோக்கியோவிலேயே இருக்கும் அயலார் வீட்டைக் கோன் இந்த இடத்தில் வைத்தது தற்செயல் என்று எனக்குப் படவில்லை. வருடக் கடைசியில் ஆபீஸில் நடக்கும் போனென்காய் விருந்துகளில் நானும் பார்த்திருக்கிறேன். 'போனென்' என்றால் வருடத்தை மறப்பது. அரைகுறை ஜப்பானிய மொழியில், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவரிடம், அப்பாவைப் பற்றி நான் தமிழில் ஒருநாளும் சொல்லாத விஷயங்களைச் சொல்லியிருக்கிறேன். வினைச்சொல்லின் விகுதியைத் தேடுவதிலேயே பாதி பாரம் இறங்கிவிடும். அந்நிய மொழி அப்படி ஒரு வசதி. ஆனால் மரியாவிடம் சொன்னதால் மியுகிக்கும் அப்பாவுக்கும் நடுவில் ஒன்றும் தீர்ந்துவிடவில்லை. சரியான வாக்கியம், தவறான ஆள். இந்த வித்தியாசத்தைப் படம் மறப்பதே இல்லை.

மூவரில் வீடு திரும்புவது முழுமையாகக் காட்டப்படுவது ஹானாவுக்கு மட்டும்தான். வாடிக்கையாளர் ஒருவரிடம் சண்டைபோட்டுவிட்டு வெளியேறிய பழைய விடுதிக்கே அவர் திரும்பப் போகிறார். கதவைத் தட்டுகிறார், தலைகுனிகிறார். அங்கே 'அம்மா'வாக இருப்பவர் அவரை ஏற்றுக்கொள்கிறார். ரத்த உறவு என்று யாருமில்லாத ஹானாவுக்குத்தான் அது வாய்க்கிறது. ரத்த உறவு இருக்கிற மற்ற இருவரும் கடைசிவரை வாசலிலேயே நிற்கிறார்கள். இதை 'தேர்ந்தெடுத்த குடும்பமே உண்மையான குடும்பம்' என்று கொண்டாடுகிற விமர்சனங்களைப் பார்க்கிறேன். அது இந்தப் படத்தின் பாதிதான். ஹானாவுக்கு அங்கே வரவேற்பு கிடைத்ததற்கு, அவர் முதலில் போய் முகம் கொடுத்ததும் ஒரு காரணம்.

*

இந்தப் படத்தின் மேல் வைக்கப்படும் முக்கியமான குற்றச்சாட்டு, தற்செயல்கள் அளவுக்கு மீறிப்போகின்றன என்பது. போகும் இடமெல்லாம் தெரிந்த ஆள் எதிர்ப்படுகிறார். ஜினின் மகள், அவர் போய்ச் சேரும் ஆஸ்பத்திரியிலேயே நர்ஸ். அவள் பெயரும் கியோகோ. 'பெர்ஃபெக்ட் ப்ளூ' (1997), 'மில்லினியம் ஆக்ட்ரஸ்' (2001) என்று நிஜத்தையும் கனவையும் அவ்வளவு நுட்பமாகப் பின்னிய ஒருவருக்கு இது தெரியாமல் நடந்திருக்காது. தெரிந்தே குவிக்கிறார்.

குவித்து என்ன செய்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு தற்செயலும் ஒரு ஆளை ஒரு வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அத்தோடு அதன் வேலை முடிந்தது. ரயிலும் பனியும் காற்றும் சேர்ந்து மியுகியை அப்பாவுக்கு எதிரே நிறுத்தலாம். மன்னித்துவிடுங்கள் என்று அவளுக்குப் பதிலாகச் சொல்ல முடியாது. கடைசிக் காட்சியில் ஆஸ்பத்திரி அறைக்குள் நுழையும் போலீஸ் அதிகாரி அவள் அப்பாதான். இருவரும் பார்த்துக்கொள்கிறார்கள். அடுத்து என்ன என்று நாம் நிமிரும்போது படம் முடிந்துவிடுகிறது. முதல் தடவை பார்த்தபோது ஏமாற்றமாக இருந்தது. இப்போது அந்த வெட்டுதான் படத்தின் நேர்மை என்று நினைக்கிறேன். அந்தப் பேச்சை எழுதிக் கொடுக்க எந்த இயக்குநராலும் முடியாது.

குறைகளும் இருக்கின்றன. லாட்டரிச் சீட்டு அதில் ஒன்று. வருடக் கடைசி லாட்டரிக்கு 31ஆம் தேதி குலுக்கல் நடக்கும் நாடு இது, அதனால் பொருத்தமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஜினின் கடனில் பணம்தான் சின்ன பகுதி என்று அவ்வளவு நேரம் நமக்குப் புரியவைத்துவிட்டு, கடைசியில் பணத்தைக் கொட்டுவது சலுகை. குழந்தையைத் திருடிய சச்சிகோவின் விஷயம் இன்னும் உறுத்துகிறது. தன் குழந்தையை இழந்த துக்கத்தில் ஒருத்தி செய்த காரியம், வேகமான துரத்தலுக்கும் மொட்டைமாடி உச்சக்கட்டத்துக்கும் எரிபொருளாகிவிடுகிறது. அவளுடைய கணக்கைப் பார்க்கப் படத்துக்கு நேரமில்லை. இந்த இடத்தில் இச்சியோ பெரிய கலைஞர். அவர் யாருக்கும் லாட்டரி கொடுக்கவில்லை, யாரையும் பாதியில் விடவுமில்லை.

படத்தின் முடிவில் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியின் அந்த ஆனந்த மெட்டு, சுசுகி கெய்ச்சியின் கையில் வேறொரு துள்ளலோடு வரும். வெளிநாட்டு ரசிகர்களுக்கு இது வேடிக்கையாகத் தெரியும். ஜப்பானில் டிசம்பர் என்றாலே ஒன்பதாவதுதான். ஊர் ஊருக்கு சாதாரண மக்களே சேர்ந்து கோரஸ் பாடுவார்கள். போருக்குப் பிந்தைய வறுமையில், வருடக் கடைசிச் செலவுக்கு வாத்தியக்காரர்கள் காசு பார்க்க நடத்திய கச்சேரிகளில் இந்த வழக்கம் வேரூன்றியது என்று சொல்வதுண்டு. ஆக, பாட்டிலும் கடைசி நாள் கணக்கு இருக்கிறது.

இந்த நாட்டில் அதை முதன்முதலில் முழுமையாக வாசித்தவர்கள் ஜப்பானியர்கள் இல்லை. முதல் உலகப் போரில் சீனத்தின் சிங்தாவில் பிடிபட்ட ஜெர்மன் கைதிகள். தோகுஷிமா பக்கம் பந்தோ முகாமில், 1918 ஜூன் 1ஆம் தேதி. பெண்கள் இல்லாததால் பெண்குரல் பகுதிகளையும் ஆண்களுக்கு ஏற்ப மாற்றிப் பாடினார்கள். அந்த வருடம் நவம்பரில் போர் முடிந்தது. அவர்கள் ஊர் திரும்ப இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. வீட்டுக்குப் போக முடியாத ஆண்கள் கூடிப் பாடிய பாட்டு, இன்று ஒரு நாடே வீட்டுக்குக் கிளம்பும் வாரத்தின் பாட்டாகிவிட்டது. கோனின் படம் அந்தப் பாட்டோடு முடிவதில் எனக்கு இரண்டும் சேர்ந்து கேட்கிறது.

விமான நிலையத்தில் என்னைப் போன்றவர்கள் ஒரு சின்னச் சீட்டு நிரப்ப வேண்டும். தற்காலிகமாகத்தான் வெளியேறுகிறேன், திரும்ப வருவேன் என்ற கட்டத்தில் டிக் அடித்தால் ஒரு வருடத்துக்குள் தனி அனுமதி இல்லாமல் மறுபடி நுழையலாம். 2012இலிருந்து இந்த ஏற்பாடு. இரண்டு நொடி வேலை. ஜப்பானுக்குத் திரும்புவது அவ்வளவு சுலபம். அந்தப் பக்கம் அப்படி ஒரு கட்டம் கிடையாது.

இந்தப் படத்தை இனிமேல் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. 25ஆம் தேதி பார்க்காதீர்கள், அன்று இது வெறும் அற்புதக் கதையாகத் தெரியும். 30, 31 என்று தள்ளிப்போடுங்கள். முடிந்தால் இச்சியோவின் கதையையும் தேடிப் படித்துவிட்டுப் பாருங்கள். ஊருக்கு வந்து சேர்ந்த பிறகு, பெட்டியெல்லாம் பிரித்துக் கொடுத்து முடிந்த பிறகு, யாரிடம் பேச வேண்டியது பாக்கியோ அவர் பக்கத்து அறையில் டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது பார்த்தால் இன்னும் நல்லது. படம் எந்த இடத்தில் நிற்கிறது என்று அப்போது தெரியும்.